எழுதும் கை ஒன்றாக இருக்கட்டும்

மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி, மொத்த வியாபாரக் கிடங்கு என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் சர்வர்களைக் கட்டிக் காக்கும் நண்பர்களுக்கு,

டேட்டாபேஸ் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடிப் போவது மல்ட்டி-மாஸ்டர் ரெப்ளிகேஷனை. இரண்டு சர்வர், இரண்டிலும் எழுதலாம், ஒன்று விழுந்தால் மற்றது இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் குறையே தெரியாது. டெண்டரில் ‘ஆக்டிவ்-ஆக்டிவ்’ என்று ஒரு வரி ஏறிவிட்டால் விற்க வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். அது எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சேவை நிற்காமல் ஓட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மல்ட்டி-மாஸ்டர் அமைக்காதீர்கள். நகல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். எழுதுவது மட்டும் ஒரு நேரத்தில் ஒரு சர்வரில் நடக்கட்டும். அது விழுந்தால் அடுத்து யார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்கு உங்கள் உழைப்பைக் கொடுங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு சர்வர்களை ஒன்றுக்கொன்று மாஸ்டராகக் கட்டும் பழைய முறையிலிருந்து தொடங்கலாம். இன்றும் எத்தனையோ இடங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அமைக்கும்போது எல்லோரும் முதலில் கவலைப்படுவது தானாக ஏறும் வரிசை எண்ணைப் பற்றி. அதற்கு வழி எளிது: இரண்டிலும் எண் இரண்டிரண்டாக ஏறும்படி வைத்து, ஒன்றை 1-லும் மற்றதை 2-லும் தொடங்கினால் போதும். ஒரு சர்வர் 1, 3, 5 என்று கொடுக்கும், மற்றது 2, 4, 6 என்று கொடுக்கும். இதைச் செய்து முடித்ததும் மோதல் பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். புதிதாகச் சேரும் வரிகள் மோதாது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் வரியை இரு பக்கமும் திருத்தினால் என்ன ஆகும்? ஒரு பொருளின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சர்வரில் ஒருவர் அதில் 50 ரூபாய் கூட்டுகிறார். அதே நேரத்தில் இரண்டாவது சர்வரில் வேறொருவர் அதை இரட்டிப்பாக்குகிறார். கட்டளையை அப்படியே அனுப்பும் ஸ்டேட்மெண்ட் முறையில், முதல் சர்வரில் 250 ஆன விலை, அந்தப் பக்கக் கட்டளை வந்து சேர்ந்ததும் 500 ஆகிவிடும். இரண்டாவதில் 400 ஆன விலை 450 ஆகும். திருத்திய வரியை அனுப்பும் ரோ முறையில் இன்னும் வேடிக்கை: முதல் சர்வரில் 400, இரண்டாவதில் 250 என்று இரண்டும் தங்கள் தொகையை இடம் மாற்றிக்கொள்ளும். எந்த முறையிலும் எரர் வராது. ரெப்ளிகேஷன் நிலையைக் கேட்டுப் பார்த்தால் தாமதம் 0 நொடி என்று சமர்த்தாகப் பதில் சொல்லும். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராமல் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது எந்தத் தொகை சரி என்று சொல்ல இரண்டு சர்வராலும் முடியாது, ஏனென்றால் இரண்டுமே தன்னிடம் வந்ததை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல் மீது மட்டும் பழிபோட்டுத் தப்பிக்க முடியாத சிக்கல் இது. ஜிம் கிரே, பேட் ஹெலண்ட், பேட்ரிக் ஓநீல், டென்னிஸ் ஷாஷா ஆகிய நால்வரும் 1996-இல் சிக்மாட் மாநாட்டில் ரெப்ளிகேஷனின் ஆபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்கள். எந்த நகலிலும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால், சர்வர்களும் வேலைப்பளுவும் பத்து மடங்காகும்போது டெட்லாக்கோ, பிறகு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய முரணோ ஆயிரம் மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு சர்வர் வைத்துப் பரிசோதிக்கும்போது எல்லாம் அழகாக ஓடுவதும், கிளைகள் பெருகியபின் கழுத்தைப் பிடிப்பதும் ஏன் என்பதற்கு அந்தக் கணக்கே விளக்கம். அவர்கள் சொன்ன மாற்றுவழியும் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு தரவுக்கும் உரிமையுள்ள மூலநகல் ஒன்று இருக்கட்டும், மற்ற இடங்களில் எழுதுவது தற்காலிக விண்ணப்பமாக இருந்து, மூலநகலில் சரிபார்த்தபின் நிலைபெறட்டும்.

நடந்த சம்பவம் ஒன்று சொல்கிறேன். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் பழுதான ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள அவர்களுடைய நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையில் இணைப்பு போனது. 43 நொடிதான், திரும்பிவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில், மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் மென்பொருள் மேற்குக் கரை சர்வர்களை மாஸ்டராக்கிவிட்டது. கிழக்கில் அந்தக் கொஞ்ச நேரத்தில் எழுதப்பட்ட சில மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் அதன்பின் எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. இரு பக்கமும் மற்றதிடம் இல்லாத தரவு சேர்ந்துவிட்டதால், பழைய மாஸ்டருக்கு அப்படியே திரும்பவும் வழியில்லை. சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. மிக அதிகமாக இயங்கிய கிளஸ்டர் ஒன்றில் மட்டும் ஒட்டாமல் நின்ற பதிவுகள் 954 என்று அவர்களே பின்னர் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் குறைவு, அதை ஒட்டவைக்கத்தான் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ‘அது மல்ட்டி-மாஸ்டரே இல்லையே, ஃபெயில்ஓவர் கோளாறுதானே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒரே தரவுக்கு இரண்டு மாஸ்டர் என்ற நிலை விபத்தாக 43 நொடியில் உருவானதற்கே இந்த விலை. நாம் அதே நிலையை வேண்டும் என்று அமைத்து, ஆண்டு முழுக்க அதிலேயே ஓட்டப் பார்க்கிறோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் செய்த திருத்தம், கரை தாண்டித் தானாக மாஸ்டர் மாறாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டரைக் கட்டுப்படுத்தியது. எழுதும் இடங்களைக் கூட்டவில்லை.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். ‘இப்படி ஒன்றுக்கொன்று மாஸ்டராகக் கட்டும் வட்ட ரெப்ளிகேஷன் பழைய கதை, கலேரா இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லின் குரூப் ரெப்ளிகேஷன் இருக்கிறது, அவை மோதலைக் கமிட்டுக்கு முன்பே பிடித்துவிடுகின்றன’ என்பது முதல் மறுப்பு. கனமான மறுப்புதான். கலேராவில் ஒரு டிரான்சாக்ஷன் கமிட் கேட்கும்போது அது எல்லா நோடுகளுக்கும் ஒரே வரிசையில் அனுப்பப்படுகிறது. அதே வரியை முன்பே வேறொருவர் தொட்டிருந்தால் பிந்தியது தள்ளப்படுகிறது. நான் மேலே சொன்ன 250-400 குழப்பம் இங்கே நடக்காது. ஆனால் தள்ளப்பட்ட டிரான்சாக்ஷனுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். எல்லா வேலையும் முடிந்து கமிட் சொல்லும் இடத்தில் டெட்லாக் என்று எரர் திரும்புகிறது. கமிட்டில் தோல்வி வரும் என்று எதிர்பார்த்து, முதலிலிருந்து மறுபடி ஓட்டும்படி எழுதிய அப்ளிகேஷன் உங்களிடம் எத்தனை இருக்கிறது? பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் மென்பொருள் அந்த எரரை ஒரு பெட்டியில் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், இல்லையென்றால் காட்டாமலே விழுங்கிவிடும்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் அதைவிட அதிகம். எல்லா நோடும் ஒப்புக்கொண்ட பின்புதான் கமிட் என்றால், ஒவ்வொரு கமிட்டும் அந்தப் பயணத்துக்குக் காத்திருக்கும். கலேராக்காரர்கள் மத்தியில் மார்க் காலஹன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: ஒரு குறிப்பிட்ட வரியை, ஒரு போய்வரும் நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் திருத்த முடியாது. பத்து மில்லிநொடி என்றால் நொடிக்கு நூறு முறை. அடுத்த ரசீது எண்ணை ஒரே வரியில் வைத்திருக்கும் மென்பொருள்கள் நம் ஊரில் ஏராளம். பண்டிகை நேரக் கூட்டத்தில் அந்த ஒரு வரியே மொத்தக் கிளஸ்டரின் வேகத்தையும் தீர்மானித்துவிடும்.

இந்தக் கருவிகளை உருவாக்கியவர்களே எதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2016 டிசம்பரில் 5.7.17 பதிப்போடு வந்த குரூப் ரெப்ளிகேஷன், நாம் மாற்றாதவரை ஒரே ஒரு நோடைத்தான் எழுத விடும். பல நோடில் எழுதும் முறைக்கு மாற்றினால், ஃபாரின் கீ வழியாகத் தொடர்ந்து பரவும் திருத்தங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. கூகுளின் ஸ்பேனரும் அதைப் பின்பற்றி வந்த காக்ரோச்டிபியும் எந்த நோடுக்கு வேண்டுமானாலும் எழுத அனுப்பலாம் என்கின்றன. ஆனால் உள்ளே போனால் தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரத்தில் ஒரே தலைவர்தான். வெளியிலிருந்து பல மாஸ்டர் போலத் தெரிகிறது, அவ்வளவே. ஆகவே கலேரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நோடு கலேராவை ஒரே வளாகத்தில் அமைத்து, முன்னால் ப்ராக்ஸி வைத்து, எழுதுவதை ஒரே நோடுக்கு அனுப்புங்கள். அதன் நல்ல குணங்கள் அத்தனையும் கிடைக்கும், கமிட் மோதல் மட்டும் கிடைக்காது.

மூன்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு நோடு மல்ட்டி-மாஸ்டர் என்பது விற்பனைப் படங்களில் அழகாக இருக்கும். பெரும்பான்மைக் கணக்கில் தோற்றுவிடும். இரண்டில் பெரும்பான்மை இரண்டுதான். ஒன்று திடீரென்று செத்தால் மீதமிருக்கும் ஒன்று சரிபாதி, பெரும்பான்மை அல்ல. கலேராவில் அது எழுதவும் விடாது, படிக்கவும் விடாது. இந்தத் தொல்லை வேண்டாம் என்று பெரும்பான்மைச் சோதனையை அணைத்து வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இடையில் கேபிள் போகும் நாளில் இரண்டும் தானே உயிரோடிருக்கும் ஒரே சர்வர் என்று நினைத்து எழுதத் தொடங்கும். ஓப்பன்எல்டாப் மென்பொருளின் நிர்வாகக் கையேடு இதைத் தெளிவாகவே எச்சரிக்கிறது: எதிர்முனை செத்ததா, இடையில் உள்ள இணைப்பு செத்ததா என்று ஒரு சர்வரால் பொதுவாகப் பிரித்தறிய முடியாது. மூன்று நோடை இரண்டு கட்டடத்தில் பிரித்தாலும் சிக்கல் தீராது. இரண்டு இருக்கும் கட்டடம் போனால் மூன்றாவதும் நின்றுவிடும். மூன்றாவது இடத்தில் ஓட்டுப் போட மட்டுமாவது ஒரு சிறிய மெஷின் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த வர்தா புயலும் கட்டடம், மின்சாரம், தொலைத்தொடர்பு மூன்றையும் ஒரே அடியில் சாய்த்தன. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு டேட்டா சென்டரைத் தனித்தனி இடமாக எண்ணுவது அந்த வாரங்களுக்குப் பிறகு துணிச்சல்தான்.

‘மாஸ்டர் மாற அரை நிமிடம் ஆகிறதே, அந்த அரை நிமிடம் யார் பொறுப்பு’ என்பது அடுத்த மறுப்பு. கணக்காகவே பார்த்துவிடலாம். ஆண்டில் 99.99 சதவீதம் ஓட வேண்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 52 நிமிடம் நிற்க அனுமதி இருக்கிறது. மாதம் ஒரு முறை மாஸ்டர் விழுந்து, ஒவ்வொரு முறையும் 30 நொடி போனாலும் ஆண்டுக்கு 6 நிமிடம். மாதம் ஒரு முறை விழும் சர்வருக்கு ரெப்ளிகேஷனைவிட முதலில் தேவைப்படுவது வேறு ஹார்டுவேர். அதுபோக, மல்ட்டி-மாஸ்டரில் இடைவெளியே இல்லை என்பதும் சரியில்லை. கலேராவில் ஒரு நோடு பதில் சொல்லாமல் போனால், அதைச் சந்தேகிக்கவே வழக்கமான அமைப்பில் 5 நொடி ஆகும்; அதுவரை மற்ற நோடுகளின் கமிட்டும் காத்து நிற்கும். அரை நிமிடத்துக்கும் ஐந்து நொடிக்கும் இடையிலான வித்தியாசத்துக்காகத்தான் நாம் தரவின் நம்பகத்தைப் பணயம் வைக்கிறோம். பங்குச் சந்தையின் ஆர்டர் எந்திரத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது. வெளிநோயாளிச் சீட்டுப் போடும் கவுண்ட்டருக்கு அது ஒரு இருமல் நேரம்.

நிர்வாகத்திடமிருந்து வருவது வேறு மாதிரிக் கேள்வி: ‘இத்தனை லட்சம் போட்டு வாங்கிய இரண்டாவது சர்வர் சும்மா கிடக்கிறதே?’ ஆடிட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமலேயே பல இடங்களில் மல்ட்டி-மாஸ்டர் பிறந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். பதில் இருக்கிறது. அது சும்மா கிடக்க வேண்டாம். ரிப்போர்ட்டுகள், தேடல்கள், ராத்திரி பேக்கப் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுங்கள். ஆனால் எழுதும் சுமையைப் பாதியாகப் பிரித்துவிடலாம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு சர்வரில் எழுதியதை மற்றதும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு வாசல் வைத்தாலும் எழுதும் வேலை மொத்தத்தையும் ஒவ்வொரு சர்வரும் சுமக்கிறது. சுமை பகிர்வுக்கும் மல்ட்டி-மாஸ்டருக்கும் சம்பந்தமே இல்லை என்று மேலே சொன்ன ஓப்பன்எல்டாப் கையேடே அடித்துச் சொல்கிறது. மல்ட்டி-மாஸ்டர் வசதியைத் தருகிறவர்களே எழுதியது என்பதால் அதற்கு எடை அதிகம்.

மல்ட்டி-மாஸ்டருக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு கிளையும் தனியாக எழுதியே ஆக வேண்டும், பிறகு சேர்த்துக்கொள்ளும்படி தரவையும் வடிவமைக்க முடியும் என்ற இரண்டும் சேர்ந்து பொருந்தும்போது அது சரியான தேர்வு. மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. எந்த டொமைன் கன்ட்ரோலரிலும் பாஸ்வேர்டை மாற்றலாம், பயனரைச் சேர்க்கலாம். ஆனாலும் ஐந்து பொறுப்புகளை அவர்கள் பொதுவில் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே சர்வர்தான் அதிகாரி. அடையாள எண் கொடுக்கும் விதம் அதில் ரசமானது. ஒரு சர்வர் மட்டும் எண்களை 500, 500 ஆகக் கட்டி மற்றவற்றுக்குக் கொடுத்துவிடும். அவை தங்கள் கட்டிலிருந்து யாரையும் கேட்காமல் செலவழிக்கும். கிளையில் இணைப்பு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், ஒரே எண் இரண்டு பேருக்குப் போகாது. நம் ரயில்வே முன்பதிவும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களை, ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸ் உருவாக்கிய கான்செர்ட் மென்பொருள் இணைத்தபோது, எல்லா வண்டியின் இருக்கைக் கணக்கையும் ஐந்து இடத்திலும் நகலெடுத்து எழுத விடவில்லை. ஒரு வண்டியின் கணக்கு அதற்குரிய மையத்தில் இருந்தது. வேறு ஊர்க் கவுண்ட்டரில் சீட்டுக் கேட்டாலும் கோரிக்கை அந்த மையத்துக்குப் போய்த் திரும்பியது. கீழ் பெர்த் ஒன்று இரண்டு பேருக்குப் போனால் பிளாட்பாரத்தில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரால்கூட அதைச் சமரசம் செய்ய முடியாது என்பதை அதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். இதற்கு மறுகோடியில் அமேசானின் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பு. 2007-இல் அதைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், இரு பக்கமும் மாறிய கடைக்கூடைகளை ஒன்றுசேர்க்கும்போது வாடிக்கையாளர் நீக்கிய பொருள் மறுபடி தலைகாட்டக்கூடும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூடையில் அது பரவாயில்லை. வங்கிக் கணக்கில் பரவாயில்லையா என்று உங்கள் மேலாளரைக் கேளுங்கள். உங்கள் கிளைகளுக்கு உண்மையிலேயே தனித்து எழுதும் தேவை இருந்தால், இருப்பை ஒரு எண்ணாக வைத்துத் திருத்தாமல் வரவு, செலவு என்று தனித்தனி வரிகளாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிளையே உரிமையாளராக இருக்கட்டும். அதன்பின் மல்ட்டி-மாஸ்டர் பற்றிப் பேசலாம்.

மற்றவர்களுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் பட்ரோனி என்ற ஃபெயில்ஓவர் கருவியைப் பாருங்கள். மாஸ்டர் என்ற பட்டம் எட்சிடி என்ற தனிச் சேமிப்பகத்தில் குத்தகை போல இருக்கும், வழக்கமாக 30 நொடிக்கு. அதைப் புதுப்பிக்க முடியாத சர்வர் தானாகவே பதவி இறங்கிவிட வேண்டும். அதன்பின்தான் வேறொன்று ஏறும். எந்தக் கருவியானாலும் இந்த வரிசை தவறக் கூடாது: பழையது எழுதுவது நின்றது என்று உறுதியான பிறகே புதியதை எழுத விடுவது. தேவைப்பட்டால் பழைய சர்வரின் மின்சாரத்தை ரிமோட்டில் துண்டிப்பதுவரை போகலாம், அதற்கான வசதி பெரும்பாலான சர்வர்களில் இருக்கிறது. நகல் இருக்கிறது என்று பேக்கப்பைக் கைவிடாதீர்கள். தவறாகப் போட்ட டெலீட் எல்லா நகலுக்கும் அதே வேகத்தில் போய்ச் சேரும். இருக்கும் பேக்கப் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நகல் சர்வர் என்று நினைத்து மாஸ்டரின் தரவு அடைவை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் ஐந்து வைத்திருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்துவைத்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

கடைசியாக ஒத்திகையைப் பற்றி. சர்வரை அணைத்துப் பார்ப்பதைத்தான் எல்லோரும் ஒத்திகை என்கிறார்கள். அது சுலபமான கேஸ், எந்த அமைப்பும் அதில் தேறிவிடும். சர்வரை ஓடவிட்டு, ஸ்விட்ச்சில் அதன் போர்ட்டை மட்டும் மூடுங்கள். சில அப்ளிகேஷன்கள் அதனோடு பேசிக்கொண்டே இருக்கும்படி ஒரு வழியைத் திறந்து வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் ஒரு வரி எழுத முயலுங்கள். ஒரு பக்கம் மறுக்க வேண்டும். இரண்டும் வாங்கிக்கொண்டால், டெண்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. விற்க வந்தவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறைக்காரர் ஒருவர்